அறிவின் எல்லையும் அருளின் ஏவலும்: கண்ணப்ப நாயனார் புராணத்தில் சிவகோசரியார்

முன்னுரை

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய திருத்தொண்டர் புராணத்துள் கண்ணப்ப நாயனார் வரலாறு இலை மலிந்த சருக்கத்தில் இடம்பெற்றுள்ளது. 180க்கும் மேற்பட்ட பாடல்களால் விரிந்து செல்லும் இப்பகுதி, நம் நாட்டின் ஆலயச் சமய வகுப்புகள் தொடங்கிப் பல்கலைக்கழக விரிவுரை அறை வரை மிகுதியாக எடுத்துரைக்கப்படும் அடியார் வரலாறுகளுள் ஒன்றாகும். எடுத்துரைக்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. வேடன் அன்புடையவன், அந்தணர் கல்வியுடையவர், அன்பு கல்வியை வென்றது என்பதே அம்முறை. இக்கட்டுரையாளரும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தவர்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் மாணவி ஒருவர் எழுப்பிய வினா அவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டியது. "கனவில் சொன்ன உண்மையை இறைவன் முதல் நாளிலேயே சிவகோசரியாருக்குச் சொல்லியிருக்கலாமே, அத்தனை நாள் அவரை ஏன் அழவிட்டார்?" என்பதே அவ்வினா. அன்று விடை கூற இயலவில்லை. விடை தேடி மூலத்தை மீண்டும் பயின்றபொழுது, வேறொரு செய்தி புலப்பட்டது. நாம் தோற்றவராகக் காட்டி வந்த அந்த முனிவரைச் சேக்கிழார் அவ்வாறு காட்டவில்லை. தம் அறிவு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு, இறைவனை நம்பி, ஏவிய வழி ஒழுகிய ஒருவராகவே படைத்துள்ளார். இக்கருத்தை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ச்சிப் போக்கு

ஆய்வுக்குத் தேவையான அளவில் வரலாற்றை நினைவுகூர்வது நலம். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் மகனாகப் பிறந்த திண்ணனார், நாணன், காடன் என்னும் இருவருடன் வேட்டையாடிப் பொன்முகலி ஆற்றங்கரையை அடைகிறார். எதிரே தோன்றிய திருக்காளத்தி மலையில் குடுமித்தேவர் உறைவதை நாணன் வாயிலாக அறிந்து மலையேறுகிறார். கண்ட அளவில் காதல் மீதூர, இறைவர் தனித்திருக்கிறாரே, பசித்திருப்பாரே எனக் கலங்குகிறார். ஊனைச் சுவைத்துத் தேர்ந்து கல்லையில் ஏந்தியும், நீரை வாயில் முகந்தும், மலரைத் தலையில் செருகியும் கொணர்ந்து வழிபடுகிறார். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்று, விடிந்ததும் வேட்டைக்குச் செல்கிறார். அவர் அகன்ற பொழுதில் ஆகம முறைப்படி நாளும் பூசனை புரியும் சிவகோசரியார் வருகிறார். திருமுன்பு ஊன் கிடப்பதைக் கண்டு துடிக்கிறார். அவர் தூய்மை செய்து பூசித்துச் சென்றபின் திண்ணனார் மீண்டும் வருகிறார். இந்நிலை தொடர, இறைவர் முனிவரின் கனவில் தோன்றி வேடரது அன்பை உணர்த்தி, மறுநாள் ஒளிந்திருந்து காணுமாறு பணிக்கிறார். ஆறாம் நாளில் இறைவரின் திருக்கண்ணில் குருதி பெருக, திண்ணனார் தம் கண்ணை இடந்து அப்புகிறார். மற்றைக் கண்ணையும் இடக்க முற்படுகையில் இறைவர் கை நீட்டித் தடுத்தாட்கொள்கிறார்.

முனிவரின் முதல் வினா

சிவகோசரியாரைச் சடங்கில் ஆழ்ந்து அன்பை மறந்தவராகக் கருதுவோர் அவர் முதல் நாள் நடந்துகொண்ட முறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஊனும் எலும்பும் சிதறிக் கிடக்கக் கண்ட அவர், வேடுவரே இதனைச் செய்திருத்தல் வேண்டும் என எண்ணுகிறார். அதனோடு நின்றிருப்பின் அது வெறும் சினமாக முடிந்திருக்கும். ஆனால் அவரது பேச்சு அடுத்த கணமே இறைவனை நோக்கித் திரும்புகிறது. உமது திருமுன்பே இவ்வாறு செய்துவிட்டுப் போகலாமா, இது நிகழ உமது திருவுள்ளம் இசைந்ததா என்னும் பொருளில் வினவி அழுது விழுகிறார். வேடர்மேல் தொடுக்கப்பட்ட குற்றச்சாட்டு இறைவனை நோக்கிய வினாவாக மாறும் இவ்விடம் மிகவும் இன்றியமையாதது. தமக்கு ஒவ்வாத ஒன்றை இறைவன் தடுக்கவில்லை என்பதே அவரது துயரின் உட்பொருள். ஆகமம் கற்றவரின் அறிவு தன் எல்லையில் முட்டி நிற்கும் முதல் இடம் இது.

அவ்வினாவிற்கு அப்பொழுது விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காத நிலையில் அவர் செய்தது யாது? பூசனை தாழ்க்கும்படி இங்கு இருந்து என்ன பயன் எனத் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, கிடந்தவற்றை அகற்றி, ஆற்றில் மீண்டும் மூழ்கி வந்து, வழக்கமான பூசனையைக் குறைவின்றிச் செய்து முடிக்கிறார். வினா எழுப்புதல், விடையின்மையை ஏற்றல், கடமையைத் தொடர்தல் என்னும் மூன்றும் ஒரே காலையில் நிகழ்கின்றன. இம்மூன்றனுள் முதலாவதை நீக்கிவிட்டால் எஞ்சுவது மழுங்கிய பழக்கம். மூன்றாவதை நீக்கிவிட்டால் எஞ்சுவது கசப்பு. சேக்கிழார் மூன்றையும் ஒருசேரக் காட்டியிருப்பதனால், முனிவரின் நம்பிக்கை வினாவுக்கு அஞ்சாத நம்பிக்கையாக வெளிப்படுகிறது.

அடுத்தடுத்த நாள்களிலும் அந்நிலை மாறாதபோது, இக்கேட்டை இறைவரே தம் அருளால் ஒழித்தருள வேண்டும் என முறையிடுகிறார். தம் ஆற்றலால் தீர்க்க இயலாத ஒன்றைத் தமக்கு மேற்பட்ட ஒருவரிடம் ஒப்படைக்கும் செயல் இது. அவர் வேண்டியது ஒன்று, பெற்றது வேறொன்று என்பதும் நோக்கத்தக்கது. வேடனின் வழிபாடு ஒழியவில்லை. அதனைக் குறித்த அவரது மனக்கவலையே ஒழிக்கப்பட்டது.

ஒருவர் பூசனையை ஒருவர் அழித்தல்

திண்ணனாரின் வழிபாடு எங்கிருந்து வந்தது என்னும் வினாவும் ஈண்டு எழுப்பத்தக்கது. அது முற்றிலும் அவர் உள்ளத்திலிருந்தே பிறந்தது என்பது பொதுவான எண்ணம். மூலம் அவ்வாறு கூறவில்லை. இறைவர்மேல் பச்சிலையும் பூவும் இருக்கக் கண்ட திண்ணனார், இதனைச் செய்தவர் யார் என வினவுகிறார். முன்பொரு நாள் உன் தந்தையுடன் வேட்டைக்கு வந்தபொழுது, பார்ப்பான் ஒருவன் இவரை நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவூட்டி, சில சொற்களைக் கூறியதைக் கண்டேன் என நாணன் விடையிறுக்கிறான். இவையே இவருக்கு இனிய செயல்கள் போலும் எனக் கொண்டு திண்ணனார் அவற்றைக் கடைப்பிடிக்கத் துணிகிறார். நீராட்டல், மலர் சூட்டல், அமுது படைத்தல் என்னும் வரிசை அவ்வாறே அமைந்ததாகும். அன்பு திண்ணனாருடையது. அவ்வன்பு பாய்ந்து சென்ற வாய்க்காலோ ஆகம வழிபாட்டைக் கண்ட ஒருவன் கூறிய செய்தியால் வெட்டப்பட்டது. வேடரின் பூசனையையும் அந்தணரின் பூசனையையும் முற்றிலும் எதிர்எதிரானவையாகக் காட்டும் விளக்கங்கள் இவ்விடத்தைக் கவனியாது கடந்துவிடுகின்றன.

இனி, இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் செய்துகொண்டிருப்பது யாது எனக் காண்போம். முனிவர் சூட்டிய மலர்களைத் திண்ணனார் செருப்பணிந்த அடியால் நீக்குகிறார். திண்ணனார் படைத்த ஊனை முனிவர் திருவலகு கொண்டு அகற்றுகிறார். நாள்தோறும் ஒருவர் வழிபாட்டை மற்றொருவர் அழிக்கிறார். அழிப்பது பிழை என இருவருள் எவரும் அறியார். தாம் செய்வதே இறைவற்கு இனியது என இருவரும் உண்மையாகவே நம்புகின்றனர். இவ்விரு வழிபாடுகளையும் ஏற்றுக்கொண்டிருப்பவர் ஒருவர். முழுமையும் அறிந்தவரும் அவர் ஒருவரே.

அறியாமை சிவகோசரியாருக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் பெறப்படும். இறைவர் பசியால் வாடுவார், விலங்குகளால் அவருக்குத் தீங்கு நேரும் எனத் திண்ணனார் அஞ்சுவதும் அறியாமையே. கண்ணில் குருதி கண்டபொழுது பகைவரையும் விலங்கையும் தேடி ஓடுவதும் அத்தகையதே. அதேவேளை அவரிடம் அறிவும் உண்டு. புள் நிமித்தங்களைக் கண்டு இறைவருக்கு ஏதோ நேர்ந்தது என உணர்கிறார். பச்சிலைகளைப் பறித்து வந்து பிழிகிறார். அவை பயன்படாதபோது தசைக்குத் தசையே மருந்து என்னும் முதுமொழி அவர் நினைவுக்கு வருகிறது. வேடர்குலம் வழிவழியாகச் சேர்த்து வைத்த அறிவு இது. ஆகவே, அறிவிலியின் அன்புக்கும் அன்பிலியின் அறிவுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியாக இப்புராணத்தைப் படிப்பது பொருந்தாது. இருவரிடமும் அன்பு உண்டு, அறிவு உண்டு, அறிவின் எல்லையும் உண்டு. அன்பின் அளவிலேதான் திண்ணனார் ஒப்பற்று நிற்கிறார்.

கனவுக்குப் பின்

மரபான விளக்கத்திற்குப் பெருந்துணையாக நிற்பது கனவில் இறைவர் கூறும் மொழிகளாகும். வேடனது வாய் நீரும், குடுமியிலிருந்து வீழ்ந்த மலரும், செருப்படியும் பிறர் செய்யும் வழிபாட்டினும் தமக்கு இனியவை என அவர் உரைக்கிறார். அச்செருப்படி தம் இளமகன் முருகனின் அடியினும் சிறந்தது எனக் கூறும் அளவிற்கு அப்பாராட்டு உயர்கிறது. எனவே, திண்ணனாரின் வழிபாடு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இதனை மறுத்தல் மூலத்திற்கு மாறாகும்.

ஆயினும், உயர்வு கூறுதல் வேறு, மற்றொன்றை விலக்குதல் வேறு. உன் பூசனையை விடுக என இறைவர் கட்டளையிடவில்லை. ஒளிந்திருந்து பார், மனக்கவலை ஒழிக என்பனவே ஏவல்கள். முனிவர் அதன்பின் நடந்துகொண்ட முறையைச் சேக்கிழார் இரண்டு பாடல்களில் நுட்பமாகப் புலப்படுத்துகிறார். விழித்தெழுந்த முனிவர் புலரும் வரை கண்துயிலவில்லை. உள்ளத்தில் அற்புதமும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. விடிந்ததும் ஆற்றில் மூழ்கி, இறைவர் அருளியவற்றைப் பலமுறை நினைந்தவாறு மலையேறி, முன்பு போலவே பூசித்து, அதன்பின் ஒளிந்துகொள்கிறார்.

முன்பு போல் என்னும் குறிப்பில்தான் இப்பாத்திரத்தின் முழு அழகும் அடங்கியுள்ளது. தம் வழிபாட்டினும் வேடனது வழிபாடு மேலானது என இறைவரே கூறக் கேட்ட ஒருவர், மனமுடைந்து பூசனையைக் கைவிட்டிருக்கலாம். அல்லது, வேடனைப் பின்பற்றித் தாமும் வாயில் நீர் சுமக்க முனைந்திருக்கலாம். முன்னது புண்பட்ட செருக்கு, பின்னது போலி. முனிவர் இரண்டையும் செய்யவில்லை. தமக்கு வாய்த்த நெறியில் நின்றே, தாம் அறியாத ஒன்றைக் காண அணியமாகிறார். அறிவின் எல்லையை ஏற்றல் என்பது கற்ற அறிவை எறிந்துவிடுதல் அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

அவ்விரவில் உறங்காதவர் இருவர். திண்ணனாரைக் கண்படாத வில்லியாகவே சேக்கிழார் குறிக்கிறார். மலைமேல் ஒருவர் இறைவரைக் காத்து உறங்காதிருக்க, தவச்சாலையில் மற்றொருவர் இறைவரின் சொல்லை எண்ணி உறங்காதிருக்கிறார். இருவரையும் ஒரே இரவில் விழித்திருக்கச் செய்த புலவரின் உள்ளம் ஒருவரைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்தும் உள்ளமாக இருத்தல் இயலாது.

மேலும், திருக்கண்ணில் குருதி பெருகியது எதற்காக என்பதையும் சேக்கிழார் வெளிப்படையாகவே கூறியுள்ளார். முனிவருக்குத் திண்ணனாரின் பரிவைக் காட்டவே இறைவர் அவ்வாறு இருந்தார். திண்ணனாரைச் சோதிக்க வேண்டும் என்பது அங்குக் கூறப்படவில்லை. கற்றவர் ஒருவரின் கண் திறக்க, இறைவர் தம் கண்ணில் குருதி ஏற்றார் எனலாம். அம்முனிவர் புறக்கணிக்கத்தக்கவராயின் இத்துணை அருள் அவர்பால் செல்ல வேண்டிய தேவை இல்லை. கண் இடந்து அப்புவதையும் இறைவர் கை பற்றுவதையும் கண்டவராக அவரைச் சுட்டும் இடத்தில் சேக்கிழார் அவருக்குத் தரும் பெயர் ஞானமாமுனிவர் என்பதாகும். ஆகமம் பயின்ற நாள்களில் அன்று, தம் அறிவுக்கு அப்பாற்பட்டதை ஒளிந்திருந்து கண்ட அப்பொழுதில் அவர் ஞானமாமுனிவர் என அழைக்கப்படுவது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஏவலின் இயல்பு

இறைவனுக்குப் பணிதல் என்னும் கருத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இங்கு ஒரு பொறுப்பு உண்டு. அறியாத நிலையில் பணிதல் நன்று எனப் பொதுப்படக் கூறிவிட்டால், இறைவன் பெயரால் எவர் ஏவினும் பணியலாம் என இளையோர் பொருள் கொள்ளக்கூடும். பெரியபுராணமே இவ்விடரை உணர்ந்த நூலாகும். மெய்ப்பொருள் நாயனார் புராணத்தில் முத்தநாதன் திருநீற்றுக் கோலத்துடன் புகுந்து மன்னரைக் குத்துகிறான். வாயிற்காவலன் தத்தன் அவன்பால் ஐயங்கொண்டு தடுக்க முயன்றவன். அவனது ஐயம் சரியானதே. கோலத்தைப் போற்றிய மன்னரின் பெருமையைக் கூறும் அதே புராணம், கோலம் பொய்க்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் கூறுகிறது. சிறுத்தொண்டர் புராணம் இன்றைய வகுப்பறையில் எழுப்பும் கலக்கத்தை ஆசிரியர் அனைவரும் அறிவர். அக்கலக்கத்தை எளிய விளக்கத்தால் போக்கிவிட இயலாது.

இப்பின்புலத்தில் கண்ணப்பர் புராணத்தின் ஏவல்கள் தனித்தன்மை உடையன. இறைவர் எவரிடமும் கண்ணைக் கேட்கவில்லை. திண்ணனார் கண்ணை இடந்தது ஏவலால் அன்று, அன்பின் விரைவால். இறைவர் அவருக்குக் கூறியது நிற்க என்பதே. அதனை மும்முறை கூறுகிறார். முனிவருக்குக் கூறியதோ காண்க என்பது. ஒருவருக்குத் தம்மை ஊறுபடுத்திக்கொள்வதை நிறுத்துமாறு ஏவல், மற்றவருக்குத் தாம் பழித்த ஒருவரைக் கண் திறந்து பார்க்குமாறு ஏவல். இரண்டும் பிற உயிருக்குத் தீங்கு பயப்பன அல்ல. பிறரை வெறுக்கச் செய்வனவும் அல்ல. முனிவரின் பணிவு வேடர்மேல் அவர் கொண்டிருந்த இகழ்ச்சியைக் கரைப்பதில் சென்று முடிகிறது. அருளின் ஏவல் எது என இனங்காண இப்புராணம் தரும் அளவுகோலாக இதனைக் கொள்ளலாம்.

சைவ சித்தாந்தம் அறிவைப் பாச ஞானம், பசு ஞானம், பதி ஞானம் எனப் பகுத்து, இறைவனை அவன் அருளாலன்றி உயிர் தன் அறிவால் அறிய இயலாது எனக் கூறுவதை இங்கு ஒப்புநோக்குவர் சிலர். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. காலத்தால் பிற்பட்ட சாத்திரத்தை முற்பட்ட காப்பியத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று. எனினும், சாத்திரம் பின்னாளில் கோட்பாடாக வகுத்துக் கூறியதற்கு நெருக்கமான ஒன்றைச் சேக்கிழார் ஒரு முனிவரின் ஆறு நாள் அனுபவமாகக் காட்டியுள்ளார் எனக் கூறுதல் பிழையாகாது.

எழக்கூடிய மறுப்பு

இவ்வாய்வின்மீது ஒரு மறுப்பு எழலாம். பக்தி இலக்கியத்தின் சமூக வலிமையே பிறப்பாலும் கல்வியாலும் வந்த உயர்வுகளை அது கவிழ்த்ததில் அடங்கியுள்ளது, சிவகோசரியாரைப் போற்றுவது அவ்வலிமையைக் குறைப்பதாகாதா என்பதே அது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தமிழகத்திலும் பக்தியைச் சடங்குக்கு எதிரான குரலாகக் காணும் ஆய்வுகள் பல உள்ளன. அவற்றின் பயனை இக்கட்டுரை மறுக்கவில்லை. கண்ணப்பரின் உயர்வைச் சிறிதும் குறைக்காமலேயே சிவகோசரியாரின் மாற்றத்தைப் போற்ற முடியும் என்பதே இங்குக் கூறப்படுவது. இன்னும் ஒருபடி மேலே சென்று கூறுவதாயின், உயர்ந்தவன் எனத் தன்னைக் கருதிய ஒருவன் தோற்று ஓடுவதைக் காட்டிலும், அவன் நின்று, கண்டு, மாறுவதே சமூகத்திற்குப் பெரிதும் பயன்தரும் காட்சியாகும். தோற்றவன் மீண்டும் பழைய எண்ணத்துடன் திரும்பி வரலாம். கண்டவன் அவ்வாறு வருதல் அரிது.

முடிவுரை

மாணவியின் வினாவிற்கு விடை யாது? முதல் நாளிலேயே ஏன் கூறவில்லை என்பதற்குச் சேக்கிழார் காரணம் கூறவில்லை. முதல் நாளில் கூறியிருந்தால் முனிவர் ஏற்றிருக்கமாட்டார் என்றோ, துயரால் அவர் பக்குவப்பட்டார் என்றோ நாம் ஊகிக்கலாம். அவை நம் ஊகங்களேயன்றிப் புலவரின் கூற்று ஆகா. இறைவரின் செயலுக்கு ஓரிடத்தில் காரணம் கூறும் புலவர், மற்றோரிடத்தில் வாளா இருக்கிறார். அவ்விடத்தில் நாமும் வாளா இருக்கக் கற்றல் வேண்டும். இதற்கு மூலத்தில் விடை இல்லை என மாணவர்முன் கூறுவதற்கு ஆசிரியர் நாணத் தேவையில்லை.

அறிவைத் தொழிலாகக் கொண்ட நாம் இப்புராணத்தைக் கற்பிக்கும்பொழுது, வேடரின் பக்கம் நின்றுகொண்டு முனிவரை நகைப்பது எளிது. உண்மையில் நம் இடம் முனிவரின் இடமே. நூல் கற்றோம், நெறி வகுத்தோம், அந்நெறியில் அடங்காத ஒன்றை எதிர்கொள்ளும்பொழுது நாமும் துடிக்கிறோம். அந்நிலையில் செய்யத்தக்கது யாது என்பதற்குச் சிவகோசரியார் வழிகாட்டுகிறார். வினவலாம், அழலாம், ஆயினும் அன்றைய பூசனை நிற்கக்கூடாது. காண்க என ஏவப்பட்டால் ஒளிந்திருந்தேனும் காணல் வேண்டும். அடுத்த முறை மாணவர்க்கு இப்பகுதியை நடத்துங்கால், கண்ணை ஈந்தவரோடு கண்டு நின்றவரையும் சேர்த்து நினைவூட்டுவது நம் கடமையாகும்.